உபயம்: கதவு எண் 41

எங்கள் பக்கத்துக் கோயில்களுக்கு ட்யூப்லைட் வாங்கிக் கொடுப்பவர்கள் அந்த விளக்கின் மேலேயே தங்கள் பெயரை எழுதிவிடுவார்கள். 'உபயம்' என்று தொடங்கி, தகப்பனார் பெயர், கடைப் பெயர், கடை இருக்கும் தெரு என்று எழுதிக்கொண்டே போய், வெளிச்சம் வெளியே வர இரண்டு விரல் அகலம்தான் மிஞ்சும். அதைப் பார்த்துச் சிரித்து வளர்ந்தவள் நான். பிறகு நானே பதினெட்டு விளக்குகளில் அதைச் செய்தேன். செய்தது சரி என்று நாற்பத்து மூன்று நாள் நம்பிக்கொண்டும் இருந்தேன்.

என் பெயர் சோலைராணி. கோவில்பட்டி வட்டார மின் கூட்டுறவுச் சங்கத்தில் மின் சிக்கனப் பயிற்றுநர் என்பது என் பதவி. மக்கள் வைத்த பெயர் கரண்டு டீச்சர். அதற்கு முன்னால் எட்டு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டும் எந்திரம் விற்றேன். முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்துகிறவர்கள் எனக்குப் பழக்கம். சாத்திய கதவுக்கு முன்னால் நின்று இன்னொரு முறை மணியடிக்கிற குணமும் என்னை விட்டுப் போகவில்லை.

ஊரைச் சுற்றிக் காற்றாலைகள். கயத்தாறு பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் அவைதான். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்த மின்சாரம் எங்களுக்கு இல்லை. கடற்கரையோரம் எழும்பியிருக்கும் கணினித் தரவுக் கிடங்குகளுக்குப் போகிறது. ஆறிலிருந்து பத்து வரை ஊர்களுக்குப் பொதுக் கம்பியில் மின்சாரம் கிடையாது என்று விதி வந்து ஆறு வருஷம் ஆகிறது. அதற்குப் பதிலாகத் தெருவுக்கு ஒரு மின்கலம் கொடுத்திருக்கிறார்கள். ஆட்டோவைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைப் பெட்டி. பகலெல்லாம் மொட்டைமாடித் தகடுகளின் வெயிலைக் குடித்து, அந்த நான்கு மணி நேரம் தெருவைத் தாங்கும். ஒரே நிபந்தனை, எந்த நிமிஷத்திலும் தெரு மொத்தமும் பதினெட்டு கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் பெட்டி தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். பத்து மணி வரை தெரு முழுக்க இருட்டு.

கதிரேசன் நகர் மூன்றாம் தெருவில் அறுபத்து நாலு வீடுகள். ஏழு மணியானால் எல்லா வீட்டிலும் அடுப்பு எரியும், கிரைண்டர் சுற்றும், டிவி பேசும், துணி தேய்க்கும் பெட்டி சூடேறும். வாரத்தில் மூன்று நாள் தெரு இருண்டது. யார் வீட்டால் இருண்டது என்று சண்டை வேறு. அப்போதுதான் சங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அறுபது நாள் தொடர்ந்து ஒரு முறைகூட இருளாத தெருவுக்கு இரண்டாவது மின்கலம். நடுவில் ஒரு நாள் இருண்டாலும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அந்த அறுபது நாளைத் தாண்ட மக்களுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் என் வகுப்பு.

முதல் வகுப்புக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். நான் விடுவேனா? வீடு வீடாக ஏறி இறங்கினேன். காலையில் குழாயடியில் நின்றேன், சாயங்காலம் ரேஷன் கடை வரிசையில் நின்றேன். மூன்றாவது வகுப்புக்கு சமுதாயக்கூடத்தில் நாற்காலி பற்றவில்லை.

வந்தவர்களுக்குப் பெரிய பயம் மீட்டர்மேல்தான். திட்டத்தில் சேர்ந்தால் வீட்டுக்குப் புது மீட்டர் வரும். அது எவ்வளவு மின்சாரம் போகிறது என்று மட்டும் பார்க்காது, எந்த எந்திரம் ஓடுகிறது என்றும் கண்டுபிடிக்கும். ஜனங்கள் அதற்குக் காது மீட்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாற்பதாம் எண் வீட்டு ஜெபக்கனி, வீட்டிலேயே மோட்டார் வைத்துத் தையல் தைக்கிற அக்கா, எழுந்து நேரடியாகவே கேட்டார்.

"நான் எத்தன மணிக்குக் குளிக்கேன்னு அது சொல்லிரும்லா?"

கூடம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டுச் சொன்னேன். "ஹீட்டர் போட்டுக் குளிச்சா தெரியும்க்கா. ஆளோட நடைய வச்சு இருட்டுல யாரு வர்றாகன்னு நாம கண்டுபிடிக்கோம்ல, அது மாதிரி ஒவ்வொரு மிஷினும் கரண்ட இழுக்குறதுல ஒரு நடை இருக்கு. மிக்ஸிக்கு ஒண்ணு, ஃபிரிஜ்ஜுக்கு ஒண்ணு. ஆனா உங்க வீட்டு விவரம் பூட்டித்தான் இருக்கும். நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தாத்தான் நான் தொறக்க முடியும். தொறந்து பாத்தாலும் வெளிய ஒரு வார்த்த சொன்னா என் வேல போயிரும். அது எங்க சங்கத்துல எடுத்த சத்தியம்."

அன்றைக்கு இன்னொன்றும் சொன்னேன். அதைத்தான் இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. மிக்ஸி இரண்டு நிமிஷம் கத்திவிட்டு நின்றுவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம் என்று விளக்கிவிட்டு, "சத்தமில்லாம நாள் முழுக்க ஓடுதே, அதுதான் திருடன். உங்க தெருவுல நாள் முழுக்க ஓடுறது எதுன்னு யோசிங்க" என்றேன். ஜெபக்கனி சிரித்துக்கொண்டே, சில வீட்டில் ஓடத்தான் செய்கிறது என்று யாரையோ சாடையாகச் சொன்னார். சட்டென்று கூடம் அமைதியானது. முன்வரிசையில் இருந்த சீனிப்பாண்டி என்பவர் தலையைக் குனிந்து தன் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டார். வகுப்பு தவறாமல் வருகிறவர், ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் சொன்னது அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனேன்.

கற்றுக்கொடுத்தால் மட்டும் போதாது, கையைக் கட்டிப்போட ஏதாவது வேண்டும். அப்போது தோன்றியதுதான் உபயம். தெருவில் பதினெட்டு விளக்குகள் புதிதாக மாட்டினேன். ஒவ்வொன்றிலும் எழுத்து ஓடும். ஏழிலிருந்து எட்டு வரைக்கும் வழக்கத்தைவிடக் குறைவாக மின்சாரம் எடுத்த முதல் பதினெட்டு வீடுகளின் பெயர் மறுநாள் மாலை அந்த விளக்குகளில் எரியும். 'இந்த வெளிச்சம் உபயம்' என்று போட்டு, பெயர், கதவு எண். முதல் இடம் பிடித்தவர் பெயர் தெருமுனை விளக்கில்.

எங்கள் ஜனங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ன? ஒரே வாரத்தில் தெரு தலைகீழாக மாறிவிட்டது. காலையிலேயே மாவரைத்தார்கள். ஐந்து மணிக்கே சோறு வடித்து, நான் செய்யச் சொன்ன வைக்கோல் பெட்டியில் சூடு ஆறாமல் வைத்தார்கள். மூன்று வீட்டுக்காரர்கள் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து நாடகம் பார்த்தார்கள். துபாயில் இருக்கும் மகனுக்குத் தன் பெயர் எரிவதைப் படம் பிடித்து அனுப்பினார் ஒருவர். தெரு பதினேழரைக்கும் பதினெட்டுக்கும் நடுவில் நின்றது. ஒரு நாள்கூட இருளவில்லை.

தெருமுனை விளக்கில் மட்டும் முதல் நாளிலிருந்து ஒரே பெயர். தங்கமாரி, கதவு எண் 41. அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் அந்த வீடு தன் மின்சாரத்தில் முக்கால் பங்கைக் குறைத்திருந்தது. யாராலும் நெருங்க முடியவில்லை.

நாற்பத்து மூன்றாம் நாள், திங்கட்கிழமை, எங்கள் உதவிப் பொறியாளர் இளம்பரிதி சார் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை மேலிடத்திலிருந்து ஆறு பேர் இந்தத் தெருவைப் பார்க்க வருகிறார்கள், பிடித்துப்போனால் மாவட்டம் முழுக்க உபய விளக்கு, முதலிடத்தில் இருக்கும் வீடு எப்படிச் சாதித்தது என்று அவர்களுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றார். தங்கமாரி என்ற பெயரில் அனுமதிப் படிவம் ஏற்கெனவே கையெழுத்தாகி இருந்தது. அந்த வீட்டின் பூட்டைத் திறந்தேன்.

ஃபிரிஜ் இல்லை. மிக்ஸி, ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு. அதற்குக் கீழே, அடையாளம் தெரியாத எந்திரம், முந்நூற்றைம்பது வாட். இருபத்து நாலு மணி நேரமும் ஓடுகிறது. தினமும் ஏழு மணிக்கு நிற்கிறது, எட்டு மணிக்கு மறுபடி ஓடுகிறது. கோழிக்குஞ்சு பொரிக்கிறார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்று, வருவதாகச் செய்தி அனுப்பிவிட்டு, அன்று மாலை ஆறே முக்காலுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

திறந்தது சீனிப்பாண்டி. முன்வரிசை, நோட்டு, பேசாத மனிதர். தங்கமாரி அவர் மனைவி என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் ஓர் அக்கா, நாற்பத்தைந்து நாற்பத்தாறு வயதிருக்கும். டீச்சர் வருகிறாள் என்று நல்ல சேலை கட்டித் தலை வாரியிருந்தார். மூக்கில் மெல்லிய குழாய். குழாயின் மறுமுனையில், ஸ்டூல் உயரத்துக்கு ஓர் எந்திரம், மூச்சு இழுத்து மூச்சு விடுவது போன்ற சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற எந்திரம். தீப்பெட்டி ஆபீசில் இருபது வருஷம் மருந்து முக்கும் அறையில் வேலை, நெஞ்சு போய்விட்டது என்று அவரே சொன்னார். முன்பு தெரு இருண்ட நாள்களில் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்களாம். சொன்னதில் வருத்தம் தெரியவில்லை. வைக்கோல் பெட்டியில் சோறு எப்படி ஆறாமல் இருந்தது, தெருமுனையில் பெயர் எரிவதை வீட்டுக்காரர் போனில் எப்படிப் படம் பிடித்து வந்தார் என்று மூச்சு விட்டு விட்டுப் பேசிக்கொண்டே இருந்தார்.

ஏழு அடித்தது. தங்கமாரி பேச்சை நிறுத்தி விரலை உயர்த்தினார். சீனிப்பாண்டி போய் எந்திரத்தை அணைத்தார்.

வீடு அப்படியே அமைதியானது. தங்கமாரியின் விரலில் மாட்டியிருந்த, ரத்தத்தில் ஆக்சிஜன் அளக்கும் கருவியில் தொண்ணூற்று நாலு என்றிருந்த எண் தொண்ணூறு ஆனது, எண்பத்தேழு ஆனது. அவர் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, வாயைக் குவித்து, கண்ணை மூடிக்கொண்டார். உதட்டு ஓரம் நிறம் மாறியது. சீனிப்பாண்டி பின்னால் நின்று பனை விசிறியால் வீசினார். எத்தனை நிமிஷம் நிறுத்தலாம் என்று டாக்டர் சொன்னார் என்று நான் கேட்டதற்கு, வீசுவதை நிறுத்தாமலே பத்து என்று விரலால் காட்டினார்.

நான் எழுந்து ஸ்விட்சில் கை வைத்தேன். வைத்துவிட்டு, இன்னொரு கையில் இருந்த போனைப் பார்த்தேன். அதில் தெரு மொத்தமும் பதினேழு புள்ளி ஒன்பது கிலோவாட்டில் நின்றது. எந்திரத்தைப் போட்டால் பதினெட்டே கால். அறுபத்து நாலு வீடும் இருண்டு, நாற்பத்து மூன்று நாளும் போய்விடும். ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இதை நான் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் எடுத்தது என் கைதான்.

அந்த ஒரு மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்கு எந்திரம் ஓடி, எண் தொண்ணூறைத் தாண்டிய பிறகு, ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். பதிலுக்குச் சீனிப்பாண்டி நோட்டைக் கொண்டுவந்து ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். முத்து முத்தான கையெழுத்து. 'நாள் முழுக்க ஓடுவதுதான் திருடன்.' கீழே என் பெயரும் தேதியும்.

"நான் சொல்லிப் பாத்துட்டேன் டீச்சர். கேக்க மாட்டேங்கா" என்றார். அவர் குரலை நான் கேட்டது அதுதான் முதல் முறை.

தங்கமாரி அவரைக் கையமர்த்தினார். "இந்த மிஷினு தெருவுல காசு பிரிச்சு வாங்கிக் குடுத்தது. நாலு வருசம் ஆச்சு. அன்னையிலேருந்து ஒரு வீட்டு விசேசத்துக்கு நான் போனதில்ல, ஒரு வீட்டுக்கு ஒரு கை மாவு குடுத்ததில்ல. எல்லாரும் எனக்குக் குடுத்தவுகதான். வாங்குறதுக்குன்னே ஒருத்தி இருக்கிறது எப்பிடி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது டீச்சர். இப்ப எம்பேரு தெரு முக்குல எரியுது. இந்தத் தெருவுல லைட்டு எரியுறதுக்கு நானும் ஒரு ஆளு."

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது, என்மேல்தான். மருத்துவ எந்திரம் உள்ள வீடுகளுக்குத் திட்டத்தில் விலக்கு உண்டு. அதற்குப் படிவமும் உண்டு. ஆனால் படிவம் அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்குமே தவிர, முந்நூற்றைம்பது வாட்டைக் கொண்டுவந்து கொடுக்காது. எந்திரம் ஓட வேண்டும், தெருவும் இருளக் கூடாது. அந்த முந்நூற்றைம்பதை வேறு எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். எடுத்தே தீருவது என்று முடிவு செய்துகொண்டு படியிறங்கினேன்.

செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் தெருவை விட்டு நான் நகரவில்லை. யாருக்காக என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது, சத்தியம் தடுத்தது. இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். ஏற்கெனவே பிழிந்த துணியை மறுபடி பிழிகிற வேலை. ஜெபக்கனி தையல் மோட்டாரை எட்டு மணிக்குத் தள்ளிப்போட மறுத்துவிட்டார், பள்ளிக்கூடச் சீருடைக்கு நாள் குறித்துவிட்டார்களாம். ஒரு வீட்டில் ஹீட்டரை நிறுத்தினேன், ஒரு வீட்டில் பழைய ஃபிரிஜ்ஜை அந்த ஒரு மணி நேரம் அணைக்க வைத்தேன். புதன்கிழமை இருநூறு வாட் சேர்ந்திருந்தது. வியாழக்கிழமை இரண்டு வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள், இருநூறும் போனது. மூன்று நாளும் ஏழு மணிக்குத் தங்கமாரி விரலை உயர்த்தினார். வியாழக்கிழமை எண் எழுபத்தொன்பதுக்கு இறங்கியது. அன்று அவருக்குக் கண் சொருகிவிட்டது. சீனிப்பாண்டி ஏழே முக்காலுக்கே ஸ்விட்சைப் போட்டார். நான்கு வீட்டில் சொல்லி மின்விசிறிகளை அவசரமாக அணைக்க வைத்ததில் தெரு மயிரிழையில் தப்பியது.

அன்று வெளியே வந்து நேரே தெருமுனைக்கு நடந்தேன். தெருமுனை விளக்கின் கம்பத்தில் சாய்ந்து நின்றேன். தலைக்கு மேல் 'இந்த வெளிச்சம் உபயம்' என்று தங்கமாரியின் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. பூச்சிகள் மொய்த்தன. அங்கிருந்து பார்த்தால் பதினெட்டுப் பெயரும் வரிசையாகத் தெரியும். ஒரு விளக்குக்கு இருபது வாட். பதினெட்டு விளக்கு.

முந்நூற்று அறுபது.

அறுபத்து நாலு வீட்டின் மிக்ஸியை எண்ணியவள் நான். என் விளக்குகளை நான் எண்ணவே இல்லை. என் அறிக்கைகளில் அவை 'பொது' என்ற தலைப்பில் இருந்தன, அந்தப் பத்தியை நான் படிப்பதில்லை. சிக்கனம் செய்தவர்களைப் பாராட்ட, ஒருத்தியின் மூச்சு அளவு மின்சாரத்தை நானே எரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். நடுத்தெருவில் நின்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். பார்த்தவர்கள் பூச்சி என்று நினைத்திருப்பார்கள்.

உடனே இளம்பரிதி சாரைப் போனில் பிடித்தேன். நாளையிலிருந்து உபய விளக்குகளை அணைக்கப் போகிறேன் என்றேன். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் அன்று பல்லைக் கடித்தார். வருகிறவர்கள் பார்க்க வருவதே அந்தப் பெயர்களைத்தான், வெள்ளிக்கிழமை தாண்டட்டும் என்றார். ஒரு வீட்டுக்கு முந்நூற்றைம்பது வாட் வேண்டும், ஒரு நாள்கூடக் காத்திருக்க முடியாது, இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது என்றேன். விலக்குப் படிவம் எழுதிக் கொடுங்கள் என்றார்.

"படிவத்த மூக்குல வச்சா மூச்சு வராது சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் தேவைக்கு அதிகமாகச் சொல்லிவிட்டது உறைத்தது.

மறுநாள் காலையில் நாற்பத்தொன்றாம் எண் வீட்டுக்குப் போனேன். இனி விளக்கில் யார் பெயரும் வராது என்று சொன்னதும் தங்கமாரி முகம் விழுந்துவிட்டது. தன் பெயருமா என்று கேட்டார். யார் பெயருமே கிடையாது என்றேன்.  பிறகு அவருக்கு ரோஷம் வந்தது.

"அப்ப நான் இதப் போட்டுக்கிட்டுச் சும்மா கெடக்கணும். அதான?"

"ஆமாக்கா. சும்மா கெடங்க. இன்னும் பதினாலு நாளு இருக்கு, அறுபதாவது நாளு நீங்க உசுரோட இருக்கணும். திருடன்னு சொன்னது நான். அந்த வார்த்தைய எடுத்துட்டேன். நோட்டுல அடிச்சிருங்க அண்ணாச்சி."

சீனிப்பாண்டி அடிக்கவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஆறரைக்கு இரண்டு கார்களில் ஆறு பேரும் வந்து இறங்கினார்கள். இளம்பரிதி சார் அவர்களைத் தெருமுனையில் நிறுத்தி, ஏழு மணிக்குப் பெயர்கள் எரிவதை இங்கிருந்து பார்த்தால் அழகாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். விளக்குப் பெட்டியின் சாவி என்னிடம் இருந்தது. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது பெட்டியைத் திறந்து பதினெட்டையும் எரியவிடாமல் நிறுத்தினேன். தெருவில் பழைய கம்பங்கள் மூன்று மட்டும் மங்கலாக எரிந்தன.

சார் பக்கத்தில் வந்து, இதற்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று மெல்லச் சொன்னார். சொல்கிறேன் என்றேன்.

ஏழு மணி ஆனது.

வீடுகளிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து, பதிலைத் தயார் செய்துகொண்டேன். ஒருவரும் என்னிடம் வரவில்லை. வாசலில் நின்றபடி எல்லோரும் நாற்பத்தொன்றாம் எண் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மூச்சு இழுத்து, மூச்சு விட்டு. ஏழைத் தாண்டியும் நிற்கவில்லை. வந்தவர்களில் ஒருவர் அது என்ன சத்தம் என்று கேட்டார். 

போனைப் பார்த்தேன். பதினேழு புள்ளி ஒன்பது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினேழு புள்ளி ஏழானது. ஜெபக்கனி மோட்டாரை நிறுத்திவிட்டு வெளியே வந்திருந்தார். நேரே என்னிடம் வந்து, தையல் ஊசி குத்திய விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெனமும் ஏழு மணிக்கு நிக்கும் டீச்சர். எங்களுக்கும் அவுகளுக்கும் ஒரே செவரு. மொத நாளே கேட்டேன். நின்னுச்சுன்னா இன்னைக்கு லைட்டு போகாதுன்னு அர்த்தம். அது நிக்கிறதக் கேட்டுட்டுத்தான் நான் மோட்டாரப் போடுவேன்." தெருவைக் கையால் காட்டினார். "எனக்கு மட்டுமில்ல. இந்தப் பக்கம் நாலு வீடு, எதுத்தாப்புல மூணு வீட்டுக்கும் கேக்கும். ஒருத்தரும் ஒருத்தருகிட்டயும் பேசிக்கிடல."

வீட்டு விவரம் வெளியே போய்விடக் கூடாது என்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்ததெல்லாம் இதைத்தான். மீட்டர் வருவதற்கு முன்பே அந்தச் சுவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஜெபக்கனியைத் திட்ட வேண்டும் போலிருந்தது. எந்த வாயால் திட்டுவது?

"நானும் திங்கக்கிழமை கேட்டேன்க்கா. ஸ்விட்சுல கைய வச்சேன், போடல" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு போய் நாற்பத்தொன்றாம் எண் வீட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டார். உள்ளேயிருந்து தங்கமாரி, ஏழு மணிக்குப் பேச முடிகிற சந்தோஷத்தில், சோறு ஆகிவிட்டதா என்று அவரிடம் கேட்பது தெருவரைக்கும் கேட்டது. ஆறு பேரும் அரை மணி நேரம் இருந்துவிட்டு, பெரிதாக ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் கிளம்பினார்கள். எனக்கு அடுத்த வாரம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதினாலு நாள் கழித்து மூன்றாம் தெருவுக்கு இரண்டாவது பச்சைப் பெட்டியும் வந்தது. இரண்டையும் நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். வேலை போகவில்லை, உபய விளக்குகள் மாவட்டத்துக்குப் போகவில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை நான்காம் தெருவில் வகுப்பு தொடங்கினேன். எழுபது வீடுகள், முதல் நாளே நல்ல கூட்டம். பக்கத்துத் தெருவுக்கு இரண்டாவது பெட்டி வந்ததைப் பார்த்த வேகம். முன்வரிசையில் அழைக்காமலே வந்து உட்கார்ந்திருந்தார் சீனிப்பாண்டி. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஜெபக்கனி உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டு, நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, பேனாவைத் திறந்தார்.

படம் எதுவும் போடவில்லை. மிக்ஸியையோ திருடனையோ பற்றிப் பேசவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"உங்க தெருவுல ஏழு மணிக்கு எந்தச் சத்தம் நிக்குது?"

சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கியது. ஒருவரையொருவர் பார்க்காமல் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் காத்திருந்தேன், எனக்குத்தான் காத்திருக்கத் தெரியுமே. கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னாலிருந்து, ஒரு கை மெதுவாக உயர்ந்தது.